செட்டிநாட்டுப் பணம், கேளம்பாக்கத்துக் கல்லூரி: மருத்துவப் பல்கலைக்கழகம் ஏன் நம்ம ஊருக்கு வரவில்லை?

ஜூன் 15, காலை

நீட் முடிவு வந்த கையோடு பள்ளத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செட்டிநாடு என்ற பெயரில் மருத்துவப் பல்கலைக்கழகம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது, செட்டிநாட்டில் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?"

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. காரைக்குடியில் பிறந்து, சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். கோபத்தில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

அவர் சொல்வது கேளம்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் செட்டிநாடு அகாடமி. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம் தொடங்கியது. முதலில் ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும், அப்புறம் 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, அதாவது பல்கலைக்கழகம் போலத் தானே தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் உரிமை. செவிலியர் படிப்பு, துணை மருத்துவப் படிப்புகள் என்று பிறகு கிளை விட்டது. பெயர் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பம் கல்விக்கு முதல் பெரிய பணத்தைப் போட்டதும் ஊருக்கு வெளியேதான்.

ஜூன் 15, இரவு

வெளியே என்றேன். எங்கே என்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

அந்தக் குடும்பத்து ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு அவர் கொடுத்தது 20 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 20 லட்சம். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து கொண்டுவந்த பணம் ஒரு பக்கம் கானாடுகாத்தானில் பர்மா தேக்குத் தூண்களாக நின்றது, இன்னொரு பக்கம் சிதம்பரத்தில் தமிழும் இசையும் சொல்லித்தரும் பல்கலைக்கழகமாக நின்றது.

கவனியுங்கள், தமிழும் இசையும். பின்னால் பொறியியல் வந்தது. மருத்துவக் கல்லூரி 1985இல்தான் வந்தது, ராஜா முத்தையா பெயரில். பல்கலைக்கழகம் தொடங்கி 56 ஆண்டு கழித்து. கேளம்பாக்கத்தில் வரிசை தலைகீழ்: மருத்துவம் முதலில், பல்கலைக்கழகம் பிறகு. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதில்தான் வாசகரின் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஜூன் 16

அழகப்பரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விடவில்லை, அவருக்குத் தனியாக இடம் வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் ஊரிலேயே போட்டவர். 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். கல்லூரிகள் தொடங்கப் பணம் படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பேசினார். தான் தொடங்குவதாக அழகப்பர் உடனே அறிவித்தார். அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. அடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் செக்ரி என்று சொல்வது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி என்று வரிசையாக வந்தன. குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர். 1957இல் இறந்தபோது அவருக்கு 48 வயது கூட முழுசாக ஆகவில்லை.

லட்சுமணசாமி முதலியார் யார்? பிரசவ மருத்துவர். பேர்பெற்ற டாக்டர் மேடையில் நின்று கல்லூரி கேட்கிறார், கேட்பது கலைக் கல்லூரி. அன்றைக்கு நாட்டுக்கு அதுதான் அவசரமாகப் பட்டிருக்கிறது. அழகப்பரின் பட்டியலில் மருத்துவக் கல்லூரி இல்லை. இன்னும் பதினைந்து ஆண்டு இருந்திருந்தால் அதுவும் காரைக்குடியில் வந்திருக்கும் என்று என் அப்பா அடித்துச் சொல்வார். அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. கணக்குப் பார்த்தே பழகியவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கில்லாமல் நம்பினார்.

எனக்கு அந்த நம்பிக்கை முழுசாக இல்லை. ஏனென்று அடுத்து எழுதுகிறேன்.

ஜூன் 17, காலை

கலைக் கல்லூரி தொடங்கக் கட்டடம், வாத்தியார், புத்தகம் போதும். மருத்துவக் கல்லூரிக்கு நோயாளி வேண்டும்.

இப்போதைய தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி ஆண்டுக்கு 150 பேரைச் சேர்க்க 600க்கு மேல் படுக்கை வேண்டும், 250 பேருக்கு 900. படுக்கை போட்டால் மட்டும் போதாது, அதில் ஆள் படுத்திருக்க வேண்டும். ஆண்டு முழுக்க, தீபாவளி அன்றும்.

நான் வேலை பார்த்தது லேபில். இந்த விஷயத்தில் லேபை ஏமாற்ற முடியாது. வார்டில் எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது என்று ரிஜிஸ்டரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உண்மையான நோயாளி இருந்தால் காலை ஏழு மணிக்கு ரத்தக் குழாய்கள் டிரே டிரேயாக வந்து இறங்கும். சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், ரத்த அணு எண்ணிக்கை. ஆள் இல்லாத வார்டிலிருந்து டிரே வராது. நான் சேர்ந்த புதிதில் காலை டிரே ஒன்றிரண்டு வந்தால் பெரிது. நான் ஓய்வு பெறும்போது மிஷின் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவக் கல்லூரி வளர்ந்ததா என்று என்னிடம் கேட்டால், கட்டிய மாடிகளைச் சொல்ல மாட்டேன், அந்த டிரேக்களைத்தான் சொல்வேன்.

ஜூன் 17, மாலை

"இன்ஸ்பெக்‌ஷன் நோயாளி" பற்றி எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன், கல்லூரிப் பெயர் கேட்காதீர்கள்.

ஆய்வுக் குழு வருகிற நாளில் வேன் அனுப்புவார்கள். சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வயசானவர்கள். ஒரு நாள் கூலி, மூன்று வேளை சாப்பாடு, படுத்திருந்தால் போதும். அப்படி வந்த ஒரு அம்மா கையில் சீட்டோடு லேபுக்கு வந்து, "தம்பி, உண்மையிலேயே எனக்குத் தலை சுத்துது, ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாரேன்" என்றார். எடுத்தோம். ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. நோயாளியாக நடிக்க வந்தவர் நிஜ நோயாளி. அன்றைக்கே வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்றினோம். இரண்டு நாள் கழித்து நிறம் திரும்பி எழுந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் ஆஸ்பத்திரி, அதற்குள் அவர் முதல்முறை வந்தது கூலிக்கு. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கூட்டிவந்து வைத்தியம் பார்த்திருந்தால் வேனும் தேவையில்லை, நடிப்பும் தேவையில்லை.

ஜூன் 18

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், தனியார் மருத்துவக் கல்லூரி எல்லாமே மோசடி என்கிறார். அது நான் சொன்னது இல்லை.

பின்னால் அந்தக் கல்லூரியே மாறியது. புதிய டீன் ஒருவர் வந்து கிராமங்களுக்கு இலவசப் பேருந்து விட்டார். பொது வார்டில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது, பிரசவம் இலவசம். செங்கல்பட்டுப் பக்கத்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மாணவர்களுக்குக் கேஸ் கிடைத்தது, ஜனங்களுக்கு வைத்தியம் கிடைத்தது. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிற இடத்தில் தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம் சுற்றுவட்டார ஏழைகளுக்குப் பெரிய ஆதரவு. பணம் எங்கிருந்து வந்தது? மாணவனின் அப்பாவிடமிருந்து. அவர் கட்டுகிற கட்டணத்தில்தான் பொது வார்டு ஓடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நிகர்நிலையைத் திட்டுவதிலும் பயனில்லை, புகழ்வதிலும் பயனில்லை.

ஜூன் 19

"1985இல் என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு.

அந்த ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் மூன்று இடத்தில் தனியார் கை மருத்துவத்துக்குள் வந்தது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா, கோவையில் பி.எஸ்.ஜி., போரூரில் என்.பி.வி.ராமசாமி உடையார் தொடங்கிய ஸ்ரீராமச்சந்திரா. அதற்கு முன்னால் தனியார் என்றால் வேலூர் சி.எம்.சி.தான். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையில் தொடங்கியது. அது மிஷன் சேவை, கதை வேறு.

1988இல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியதும் மாநிலத்து மருத்துவக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 1994இல் ஸ்ரீராமச்சந்திரா நிகர்நிலை ஆனது. இது பெரிய திருப்பம். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956, மூன்றாவது பிரிவில் நிகர்நிலைத் தகுதி வந்துவிட்டால் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் சொந்தம். 2016இல் நீட் கட்டாயமாகும் வரை நுழைவுத் தேர்வையும் தாங்களே வைத்தார்கள். 2000த்துக்குப் பிறகு சேலத்தில் விநாயகா மிஷன், சென்னையில் சவீதா, மீனாட்சி என்று வரிசையாக நிகர்நிலை. கேளம்பாக்கம் 2008இல் வந்தது இந்த அலையின் கடைசிப் பக்கத்தில். அதற்கு அடுத்த ஆண்டே மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு உட்கார்ந்து நாடு முழுக்க நிகர்நிலைகளைத் தரம் பிரித்து, 44 பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தகுதியே கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அண்ணாமலைச் செட்டியார் காலத்தில் வள்ளல் பணம் போட்டார், பையன் சொற்பக் கட்டணத்தில் படித்தான். 1985க்குப் பிறகு முதல் போடுகிறவர் நிறுவனர், ஓட்டுகிறவர் பெற்றோர். லட்சக்கணக்கில் கட்டக்கூடிய பெற்றோர் வந்து இறங்க விமான நிலையம் வேண்டும், பேராசிரியர் குடும்பத்தோடு தங்க நகரம் வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை, திருச்சி இரண்டுமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் கேளம்பாக்கம். நோயாளி இல்லாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தில் 13 லட்சம் பேர், புதுக்கோட்டையில் 16 லட்சம் பேர். நோய்க்கு என்ன குறை? கட்டணம் கட்டுகிறவரும் பாடம் எடுக்கிறவரும்தான் இங்கே கிடைத்திருக்க மாட்டார்கள். அப்பாவின் நம்பிக்கையில் எனக்கு இருந்த சந்தேகம் இதுதான்.

ஜூன் 19, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். ரொம்ப வியாபாரக் கணக்காகத் தெரிகிறது. ஒன்று சேர்க்க வேண்டும்.

செக்ரிக்கும் இதே கணக்கைப் போட்டிருந்தால் அது காரைக்குடிக்கு வந்திருக்கவே வந்திருக்காது. 1948இல் காரைக்குடியில் விஞ்ஞானி தங்க என்ன இருந்தது? அழகப்பர் இடத்தைக் கொடுத்தார், பிடிவாதமாக நின்றார், வந்தது. பர்மாப் பணம் போன பிறகும் இந்த ஊரில் மில், சிமென்ட், வங்கி என்று பெரிய பணம் இருந்தது. 1985க்கும் 2008க்கும் நடுவில் ஒருவர் அதே பிடிவாதத்தோடு நின்றிருந்தால்? வாசகரின் கோபத்தில் பாதி சரி என்று சொன்னது இந்தப் பாதியை.

ஜூன் 21

ஊருக்கு மருத்துவக் கல்லூரி கடைசியில் அரசாங்கம் மூலமாக வந்தது. சிவகங்கையில் 2012, புதுக்கோட்டையில் 2017. அதற்கு முன் நமக்கு எதுவென்றாலும் மதுரை பெரியாஸ்பத்திரிதான். நெஞ்சு வலியா, மதுரை. பாம்புக் கடியா, மதுரை. மேலூர் தாண்டும் முன்பே உயிர் போன கதை காரைக்குடிச் செக்காலையில் தெருவுக்குத் தெரு உண்டு.

என் அக்காவுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டபோது சிவகங்கைக்குத்தான் கொண்டுபோனோம். கீழே பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கு நம்பிக்கை போனது. ஆனால் சி.டி. ஸ்கேன் அரை மணியில் எடுத்தார்கள். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பொண்ணு ஒருத்தி, தேவகோட்டைக்காரி, இரவு முழுக்க அந்த வார்டை விட்டு நகரவில்லை. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள். ஆண்டுக் கட்டணம் ஒரு நல்ல செல்போன் விலைகூட இல்லை என்றாள். அக்கா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு நிகர்நிலையில் வழி இருந்திருக்காது. அங்கே ஆண்டுக் கட்டணம் பல இடத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடும் அங்கே கிடையாது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதமும் கிடையாது. எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம். செட்டிநாட்டுப் பிள்ளை செட்டிநாட்டு ஜனங்களுக்கு டாக்டராக வர, செட்டிநாட்டுப் பணம் எதுவும் உதவவில்லை, அரசுக் கல்லூரிதான் உதவியது.

ஜூன் 22

சிதம்பரத்துக் கதையின் பின்பாதியை ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி.

நிதி நெருக்கடியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான உபரி ஊழியர்கள் வேறு துறைகளுக்குப் போனார்கள். அரசு எடுத்த பிறகும் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தது. அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு என்று மாணவர்கள் உட்கார்ந்தார்கள். விடுதியை மூடினார்கள், சாப்பாட்டை நிறுத்தினார்கள் என்றெல்லாம் செய்தி வந்தது, பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகள் போல 13 ஆயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. இன்றைக்கு அது கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி.

ஆக, கானாடுகாத்தான் குடும்பம் சிதம்பரத்தில் உண்டாக்கிய மருத்துவக் கல்லூரியில் இப்போது கூலிக்காரர் பிள்ளையும் படிக்கிறது. அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் கொடுத்ததற்கு இதைவிடப் பெரிய பலன் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 24

கேள்வியைத் தொடங்கிய பள்ளத்தூர் வாசகர் தனி மடலில் எழுதினார். மகளுக்கு அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் வராது போலிருக்கிறதாம், ஒரு வயலும் ஒரு மனையும் விற்றால் நிகர்நிலை கட்டலாமாம், சேர்க்கலாமா என்று கேட்கிறார். அனுமதி கேட்டுப் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

விற்கும் முன் அந்தக் கல்லூரிக்கு நேரில் போங்கள். அட்மிஷன் ஆபீசுக்கு வேண்டாம். ஒரு செவ்வாய், புதன் கிழமை காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் போய் உட்காருங்கள். சீட்டுப் போடும் வரிசை எவ்வளவு நீளம், பொது மருத்துவத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ரத்தம் எடுக்கும் இடத்தில் அரை மணி நில்லுங்கள். அப்புறம் பிரசவ வார்டு. பிரசவம் குறைவான கல்லூரியில் உங்கள் மகள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. கேன்டீனில் ஹவுஸ் சர்ஜன்களிடம் பேச்சுக் கொடுங்கள்: மாத ஸ்டைபண்ட் கைக்கு வருகிறதா, பிரேதப் பரிசோதனை பார்க்க எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், லாக் புக்கில் எழுதிய கேஸ்களை நிஜமாகவே பார்த்தார்களா? பிள்ளைகள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

வயலை விற்பது உங்கள் முடிவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு வருடம் படிக்க வைத்து நீட்டைத் திரும்ப எழுத வைப்பேன். அவளுக்கு வயது இருக்கிறது, வயல் போனால் திரும்பாது.

ஜூன் 24, சற்று முன்

சேர்ப்பதாகவே முடிவு செய்தால் ஒன்று கவனம். நிகர்நிலை இடங்களுக்கு மாநில அரசின் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழுவில் விண்ணப்பித்தால் ஆகாது. அது டெல்லி எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு) கவுன்சலிங், தனிப் பதிவு, முன்வைப்பே 2 லட்சம் ரூபாய். எந்தச் சுற்றில் இடத்தை விட்டால் அந்தப் பணம் திரும்பாது என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள், வரி வரியாகப் படித்துவிட்டுக் கட்டுங்கள். தரகர் யாராவது "சீட் பிளாக் பண்ணித் தருகிறேன்" என்று போன் செய்தால் பேச்சை வளர்க்க வேண்டாம், வைத்துவிடுங்கள்.